எக்ஸ்போசிதோ: வெளியே வைக்கப்பட்டவரின் பெயர்

(வானொலி மறையுரை)



செக்கரியாவின் வீட்டில் குழந்தைக்குப் பெயரிடும் நாள் நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. உற்றார் உறவினர், அண்டை அயலார் எல்லாரும் கூடிவிட்டார்கள். தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது என்று அவர்களாகவே முடிவும் செய்துவிட்டார்கள். எலிசபெத்து மட்டும் குறுக்கிட்டு, யோவான் என்று வைக்க வேண்டும் என்கிறார். உடனே எழுந்த மறுப்பு என்ன? உறவுக்குள் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாதே என்பதுதான் (லூக்கா 1:61). அந்தக் காலத்து மக்களுக்குப் பெயர் என்பது அழைப்பதற்கான ஒலி மட்டுமல்ல. இந்தப் பிள்ளை யாருடையது என்ற கேள்விக்கு அது விடையாகவும் இருக்க வேண்டும்.

அப்படியானால், யாருடையது என்றே தெரியாத பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? இந்தக் கேள்விக்கு ஸ்பெயின் நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகள் ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடை இன்றும் அங்கே ஆயிரக்கணக்கானோரின் குடும்பப் பெயராக இருக்கிறது. 'எக்ஸ்போசிதோ' என்பது அந்தப் பெயர். அதன் வரலாற்றை இன்று சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

ஸ்பெயினில் ஒருவருக்குக் குடும்பப் பெயர் ஒன்றல்ல, இரண்டு. தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. திருமணமானாலும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை விடுவதில்லை. நம் ஊரில் ஓர் எழுத்தில் முடிந்துவிடுகிற 'இனிஷியல்' அங்கே இரண்டு முழுப் பெயர்களாக ஒருவர் கூடவே நடக்கிறது. அந்தப் பெயர்களில் பலவற்றுக்கு இன்னாரின் மகன் என்பதுதான் பொருள். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் இந்தப் பெயர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கின்றன! அவை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத் திருமுழுக்கோடு வந்து சேர்ந்தவை. பக்கத்து நாடு, பக்கத்து மொழி. பெயர் பிறந்த விதமும் ஒன்றே. இப்படித் தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு பெயர்களைச் சொல்லியாக வேண்டிய நாட்டில், இரண்டுமே இல்லாமல் ஒரு குழந்தை வந்து சேர்ந்தால் அந்த வெற்றிடம் எல்லார் கண்ணிலும் படும்.

எக்ஸ்போசிதோ என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். 'எக்ஸ்போனெரே' என்றால் வெளியே வைத்தல்; 'எக்ஸ்போசித்துஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவர். பழைய உரோமையில், வளர்க்க விரும்பாத குழந்தையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அதுதான் ஒரு மனிதரின் குடும்பப் பெயராகப் பதிவேட்டில் ஏறியது. இன்னாரின் மகன் என்று எழுத வேண்டிய இடத்தில், வெளியே வைக்கப்பட்டவன் என்று எழுதினார்கள்.

எங்கே வைக்கப்பட்டவன்? பெரும்பாலும் கோவில் வாசலில், மடத்து வாசலில், மருத்துவமனை வாசலில். வறுமை, பஞ்சம், தாய் இறந்துபோனது, திருமணமாகாத பெண் ஊருக்குப் பயந்தது என்று காரணங்கள் பல. ஒரு வீட்டுக்கு முன்னால் இரவில் விட்டுப்போன குழந்தையை விடிவதற்குள் குளிரோ நாயோ கொன்றுவிடலாம் என்பதால், இவர்களுக்கென்றே தனி இல்லங்கள் எழுந்தன. மத்ரித் நகரில் 16ஆம் நூற்றாண்டிலேயே அப்படி ஓர் இல்லம் இருந்தது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், மாசில்லாக் குழந்தைகளின் பெயரைத் தாங்கிய இல்லம் 1445ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாரிசில் புனித வின்சென்ட் தே பவுல் 1638ஆம் ஆண்டில் இந்தப் பணியைக் கையில் எடுத்தார். நம் பங்கில் ஏழைகளுக்காக உழைக்கும் வின்சென்ட் தே பவுல் சபை அவருடைய பெயரைத்தான் சுமக்கிறது.

இந்த இல்லங்களின் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. ஸ்பெயின் மொழியில் அதற்கு 'தோர்னோ' என்று பெயர். வெளியுலகத் தொடர்பில்லாத கார்மேல் மடங்களில், கன்னியரின் முகம் பார்க்காமலேயே பொருள்களைக் கொடுத்து வாங்க வைத்திருக்கிற சுழல்பெட்டியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்புதான். தாய் வெளியே நின்று குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவாள். மணி அடிப்பாள். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். யார் வைத்தது என்று கேட்பதில்லை, பார்க்கவும் முடியாது.

ஆனால் எல்லாத் தாயும் திரும்பிப் பாராமல் போய்விடவில்லை. குழந்தையின் துணியில் சீட்டு ஒன்றைச் செருகி வைப்பார்கள்: திருமுழுக்கு ஆகிவிட்டது, அல்லது இன்னும் ஆகவில்லை, இந்தப் பெயரை வையுங்கள் என்று. சிலர் ஒரு பதக்கத்தை, ஒரு நாணயத்தை இரண்டாக உடைத்து, பாதியைக் குழந்தையோடு விட்டு, பாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். என்றாவது காலம் நல்லபடியாகத் திரும்பினால் இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. அப்படிப்பட்ட பாதிப் பதக்கங்களை ஃபுளோரன்ஸ் இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன என்பதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த இல்லங்களைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. பாலூட்டும் செவிலித்தாய்மார் போதவில்லை. ஒரே பெண் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. புட்டிப்பால் கொடுக்கும் முறையும் அன்று பாதுகாப்பானதாக இல்லை. குழந்தைகளைக் கிராமத்துப் பெண்களிடம் கூலிக்கு வளர்க்கக் கொடுத்தார்கள். அந்தக் கூலியும் பல நேரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. மோசமான ஆண்டுகளில், வந்து சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சில ஆண்டுகள்கூட வாழவில்லை. திருஅவையின் இரக்கமும் அரசின் கஞ்சத்தனமும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடங்கள் அவை.

பிழைத்தவர்கள் பெயரோடு வெளியே வந்தார்கள். எக்ஸ்போசிதோ என்ற பெயரை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வைத்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். பதிவேட்டில் அது முதலில் ஒரு குறிப்பு மட்டுமே: திருமுழுக்குப் பெயர் மரியா, வெளியே வைக்கப்பட்டவள். காலப்போக்கில் அந்தக் குறிப்பே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த மரியா வளர்ந்து, திருமணம் செய்து, பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்கும் அதே பெயர். தன் தாயின் மடியிலேயே வளர்ந்த குழந்தையும் வெளியே வைக்கப்பட்டவள் என்று அழைக்கப்பட்டாள்.

ஆனால் அதே காலத்தில், வேறு பெயர்களைத் தேர்ந்துகொண்ட கைகளும் இருந்தன. 'தெ தியோஸ்', அதாவது கடவுளுக்குரியவர். 'தியோஸ்தாதோ', கடவுள் தந்தவர். 'தெ லா குருஸ்', சிலுவையின் பிள்ளை. 'சாந்தா மரியா', 'சான் ஹோசே', 'இக்லேசியஸ்' என்று அன்னையின் பெயர், வளனாரின் பெயர், கோவிலின் பெயர். கத்தலான் மொழி பேசும் பகுதியில் 'தெவ்லொஃபெவ்' என்று ஒரு பெயர் உண்டு; கடவுள் அவனைப் படைத்தார் என்பது பொருள். காற்பந்து பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். (இதைக் கேட்டுவிட்டு, குருஸ் என்றோ இக்லேசியஸ் என்றோ பெயருள்ளவர்களின் முன்னோர் எல்லாரும் இப்படி வந்தவர்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பக்தியாலும் ஊர்ப்பெயராலும் வந்தவர்களே அவர்களில் மிகுதி.)

இத்தாலியிலும் இப்படித்தான். நீண்ட காலம் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நாப்போலி நகரில் 'எஸ்போசிதோ' இன்று மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. அங்கே மங்கள வார்த்தை அன்னையின் பெயரிலான இல்லத்தில் விடப்பட்ட குழந்தைகளை மக்கள் 'அன்னை மரியாவின் பிள்ளைகள்' என்று அழைத்தார்கள். பதிவேட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர். இந்த ஓர் இடத்தில் தெருவுக்குப் பதிவேட்டைவிட நல்ல மனம் இருந்திருக்கிறது.

மற்ற இடங்களில் அப்படியில்லை. வம்சம் எது என்று சான்று காட்டினால்தான் சில பதவிகளும் சில சங்கங்களும் திறக்கும் என்ற சமூகத்தில், பெயரிலேயே விடை இல்லாதவர் எங்கே போவார்? 1794ஆம் ஆண்டு சனவரியில் ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோர் யாரென்று தெரியாத இந்தப் பிள்ளைகள் எல்லாரும் சட்டத்தின் முன் முறையாகப் பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள். அந்தக் காரணத்துக்காக எந்தக் கல்விக்கூடமும் பணியும் அவர்களுக்கு மறுக்கப்படக் கூடாது என்றார். அதற்கும் மேலே ஒரு படி போனார். அவர்களில் ஒருவரை முறைதவறிப் பிறந்தவர் என்று பொருள்படும் எந்தச் சொல்லால் அழைத்தாலும் அது தண்டனைக்குரிய அவதூறு. சொன்னவர் நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும்.

அந்த ஆணையில் இன்னொரு விதியும் உண்டு. இவர்கள் குற்றம் செய்தாலும் கசையடி, தூக்கு போன்ற இழிவான தண்டனைகள் கூடாது. உயர்குடியினருக்குரிய தண்டனையே தர வேண்டும் என்றது. காரணம் என்ன தெரியுமா? அந்தப் பிள்ளை உண்மையில் ஏதாவது பெரிய குடும்பத்தில் பிறந்ததாக இருந்துவிட்டால்? அரசருடைய இரக்கத்துக்குள்ளும் வம்சக் கணக்கு உட்கார்ந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் ஆணை ஆணைதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு குழந்தையைப் பார்த்து 'யார் பெத்த பிள்ளையோ' என்று ஜாடையாகப் பேசுவது அந்த நாட்டில் அபராதத்துக்குரிய குற்றமானது. தத்துப் பிள்ளைகளின் காதுபட நம் ஊர்த் திண்ணைகளிலும் கல்யாண வீடுகளிலும் பேசப்படுவதற்கு அந்த அபராதம் விதித்தால், பங்கின் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவரே கட்டிவிடலாம்.

திருஅவையின் சட்டம் இதில் அரசரைவிட மெதுவாகத்தான் நடந்தது. 1917ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பின்படி, முறையான திருமணத்தில் பிறக்காத ஒருவர் தனி விலக்குப் பெறாமல் குருத்துவத் திருநிலைப்பாடு பெற முடியாது. 1983ஆம் ஆண்டில் வந்த புதிய தொகுப்பில்தான் அந்தத் தடை இல்லாமல் போனது. பெற்றோரின் வரலாற்றுக்காகப் பிள்ளை அனுமதி கேட்டு நிற்கும் நிலை அவ்வளவு காலம் நீடித்தது.

இத்தனைக்கும் இந்தச் சொல் நம் விவிலியத்திலேயே இருக்கிறது. இலத்தீன் விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 7ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தைப் பாருங்கள். புனித ஸ்தேவான் தலைமைச் சங்கத்தின் முன் மோசேயின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறந்த பிள்ளைகளை வெளியே எறியச் சொன்ன பார்வோனின் கொடுமை. மூன்று மாதம் மறைத்து வளர்த்த வீடு. இனி மறைக்க முடியாத நாள். அப்போது அந்தக் குழந்தையைப் பற்றி இலத்தீனில் வருகிற முதல் சொல் 'எக்ஸ்போசிதோ'. எழுத்து மாறாமல் அதே வடிவம். ஆகவே, வெளியே வைக்கப்பட்டவர் என்று விவிலியம் அழைக்கும் குழந்தை வேறு யாருமல்ல, மக்களை எகிப்திலிருந்து நடத்திச் சென்ற மோசே.

அந்த வசனம் அந்தச் சொல்லோடு நின்றுவிடவில்லை. அடுத்து வரும் வினைச்சொல் 'சுஸ்துலித்'. எடுத்தாள், தூக்கினாள் என்று பொருள். பிறந்த குழந்தையைத் தன் பிள்ளையாக ஏற்று வளர்ப்பதற்கு உரோமையர் வழங்கிய சொல்லும் இதுவே. வைத்தது ஒரு கை, எடுத்தது இன்னொரு கை. மோசே எந்தக் கையின் பெயரைப் பெற்றார்? விடுதலைப் பயண நூல் (2:10) சொல்கிறபடி, நீரிலிருந்து எடுத்ததை வைத்தே பார்வோன் மகள் அவருக்குப் பெயரிட்டாள். ஆற்றில் விடப்பட்டவன் என்று அவள் பெயர் வைக்கவில்லை. ஸ்பெயினின் இல்லங்களில் எக்ஸ்போசிதோ என்று எழுதிய பேனாவுக்கும் தியோஸ்தாதோ என்று எழுதிய பேனாவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கே இருக்கிறது. முதலாவது, குழந்தைக்கு நேர்ந்ததை எழுதியது. இரண்டாவது, குழந்தையை எடுத்தவரை எழுதியது.

ஃபுளோரன்ஸ் இல்லத்தில் குழந்தைகளை வாங்கிக்கொண்ட சாளரத்தின் மேலே 27ஆம் திருப்பாடலின் 10ஆம் வசனத்தை இலத்தீனில் பொறித்து வைத்தார்கள். தாயும் தந்தையும் கைவிட்ட பிள்ளையை ஆண்டவர் ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் கருத்து. அங்கேயும் இரண்டு வினைகள்: கைவிடுதல், ஏற்றல். நம் ஆண்டவர் இயேசுவையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாவீதின் மகன் என்ற பெயர் அவருக்கு வந்தது, அவரைப் பெறாத யோசேப்பு அவருக்குப் பெயரிட்டுத் தன் மகனாக ஏற்றுக்கொண்டதால் (மத்தேயு 1:25). பெயரில்லாத குழந்தைக்குச் சான் ஹோசே என்று பெயர் வைத்த அருள்சகோதரி யாராக இருந்தாலும், மறையியலை நன்றாகத்தான் படித்திருக்கிறார்.

வெளியே வைக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரலாற்றைச் சொல்லுகிறோம். நம்மில் மூத்தவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். பெரியம்மை ஊர் ஊராகக் கொன்ற காலத்தில் அம்மைப்பால் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் குளிர்ப்பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், அதைக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி? பிரான்சிஸ்கோ சவியேர் பால்மிஸ் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். உயிருள்ள மனிதரின் கையில் அதைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு சிறுவர்களுக்குக் குத்துவது. ஒன்பது பத்து நாளில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த இருவருக்குக் குத்துவது. இப்படிக் கரை சேரும்வரை. அதற்கு அம்மை வராத சிறுவர்கள் வேண்டும். எந்தப் பெற்றோர் கொடுப்பார்கள்? வெளியே வைக்கப்பட்ட பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

1803 நவம்பர் 30 அன்று, 22 சிறுவர்களோடு 'மரியா பித்தா' என்ற கப்பல் ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அவர்களில் மூன்று வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தவர்களுக்கே ஒன்பது வயதுதான். அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பாளர் இசபெல் சென்தால் கூடவே போனார். அவர் திருமணமாகாத தாய். தம் மகன் பெனித்தோவையும் அந்தச் சிறுவர்களில் ஒருவனாகக் கூட்டிச் சென்றார். கப்பல் 1804 பிப்ரவரியில் புவெர்த்தோ ரிக்கோவை அடைந்தது. அங்கிருந்து வெனிசுவேலா, கியூபா, மெக்சிகோ. பிறகு 1805இல் மெக்சிகோவிலிருந்து வேறு 26 சிறுவர்களோடு பசிபிக் பெருங்கடலைக் கடந்து பிலிப்பைன்ஸ். கணக்கற்ற குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை இழக்காமல் இருந்தது, யாருடைய பிள்ளைகள் என்று தெரியாத இவர்களின் கையால்.

இது நியாயமா என்று கேட்பவர் உண்டு; கேட்கத்தான் வேண்டும். அந்தச் சிறுவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வளர்த்துப் படிக்க வைப்பதாக அரசர் தந்த வாக்குறுதி மெக்சிகோவில் உடனே நிறைவேறவும் இல்லை. முதலில் அவர்கள் போய்ச் சேர்ந்தது ஏழைகள் விடுதியில். அவர்களில் யாரும் நமக்குப் புனிதராகப் பீடமேறவில்லை. இசபெல்லின் குடும்பப் பெயரையே பழைய ஆவணங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றன. சென்தால், சென்தாலா என்று பல வடிவங்கள். அவர் தாய்நாடு திரும்பவில்லை. 2020ஆம் ஆண்டில், கொரோனா காலத்தில், மத்ரித்தில் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனைக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

எக்ஸ்போசிதோ என்ற பெயரை மாற்றிக்கொள்ள ஸ்பெயினின் சட்டம் 1921ஆம் ஆண்டில் வழி திறந்துவிட்டது. பலர் மாற்றிக்கொண்டார்கள், அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. மாற்றிக்கொள்ளாதவர்களும் நிறைய. பாட்டனார் சுமந்த பெயர், அதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். இன்று அங்கே பெற்றோர் தெரியாத குழந்தைக்கு, எல்லாரும் வைத்துக்கொள்கிற சாதாரணக் குடும்பப் பெயரையே பதிவு அலுவலர் வைக்கிறார்.

நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டுக்கும் இதில் சட்டம் உண்டு. கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு, ஏற்கெனவே திருமுழுக்கு ஆனது என்று உறுதியானால் தவிர, திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது திருஅவைச் சட்டம் 870. திருமணமாகாத தாயின் பெயரை எப்போது எழுதலாம், தத்தெடுத்த பெற்றோரின் பெயரை எப்படி எழுதுவது என்பதைச் சட்டம் 877 சொல்கிறது. தத்தெடுத்த பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிவரத் தயங்கி, ஊர் என்ன சொல்லுமோ என்று வெளியூரில் திருமுழுக்கு வைத்துக்கொள்ள எண்ணுகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வரலாம். எந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஞானப்பெற்றோர் பெயருக்கான இடத்தை நிரப்ப, பங்கிலிருந்து ஒருவர் முன்வர வேண்டும்.